அணில் மார்க்கும் அசெம்பிள்டு கம்ப்யூட்டரும்

எங்க ஊர்ப் பக்கம் ஒரு பதினைந்து இருபது வருஷம், "கம்ப்யூட்டர் வாங்கப் போறேன்"னு யார் சொன்னாலும் எதிரே இருக்கறவர் கேட்கும் முதல் கேள்வி ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்பதல்ல. "கம்பெனியா, அசெம்பிளியா?" என்பதுதான். விருதுநகர் பருப்புக் கடை அண்ணாச்சியும் இதைத்தான் கேட்பார், சிவகாசி பிரஸ் மொதலாளியும் இதைத்தான் கேட்பார். பதிலைச் சொன்னதும் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். "கம்பெனின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்பது ஒரு கட்சி. "எதுக்கு பேருக்குப் பத்தாயிரம் தண்டம் அழறே" என்பது இன்னொரு கட்சி.

இந்தச் சண்டை கம்ப்யூட்டரோடு வந்தது என்றுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. எனக்கு அப்படித் தோணலை. இந்தக் கரிசல் பூமியில் இதே கேள்வி 1923-லேயே ஒருமுறை எழுந்தாச்சு. அப்போ பேச்சு தீப்பெட்டி பற்றி. அப்புறம் அச்சு பற்றி. கம்ப்யூட்டருக்கு வந்தது மூணாவது ரவுண்டு, அவ்வளவுதான். மூணு ரவுண்டையும் வரிசையா வச்சுப் பார்த்தா, நாம வழக்கமா கேட்கிற கேள்வியே கொஞ்சம் தப்போன்னு தோணுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல் ரவுண்டு: தீப்பெட்டி

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வெள்ளைக்கார அரசாங்கம் கடுமையான இறக்குமதி வரி போட்டது. அதோட நோக்கம் கஜானாவை நிரப்புறது. ஆனா விளைவு வேற மாதிரி ஆயிடுச்சு. இங்கேயே செஞ்சா லாபம் என்கிற நிலைமை வந்தது. ஸ்வீடன்காரங்க உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனி 1923-ல் இந்தியாவுக்குள்ளே வந்து விம்கோவை ஆரம்பிச்சது. பம்பாய் பக்கம் அம்பர்நாத், சென்னை திருவொற்றியூர், பரேலி, கல்கத்தா என்று வரிசையாத் தொழிற்சாலைகள். மரத்தை ஒரு பக்கம் விட்டா மறுபக்கம் தீப்பெட்டியா வரும் மிஷின்கள். நம்ம பாஷையில் சொன்னா, அது 'கம்பெனி' தீப்பெட்டி.

அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து, 1923-ல் ஊரில் தீப்பெட்டி போட ஆரம்பிச்சாங்க. பிற்பாடு இருவரும் தனித்தனியாத் தொழில் நடத்தினப்போ வந்ததுதான் அணில் மார்க்கும் காக்கா மார்க்கும்.

இவங்க முறை விம்கோ முறைக்கு நேரெதிர். கூர்ந்து பார்த்தா சிவகாசி தீப்பெட்டி ஒரு அசெம்பிள்டு பொருள். குச்சிக்கும் பெட்டிச் சில்லுக்கும் மரம் கேரளாவிலிருந்து. மருந்துக்கான ரசாயனம் வேறெங்கிருந்தோ. பெட்டி ஒட்டுறது வீட்டில், திண்ணையில். கட்டை அடுக்குறது ஒரு இடம், மருந்து முக்குறது ஒரு இடம், குச்சியைப் பெட்டியில் அடைக்கிறது இன்னொரு இடம். எல்லாத்துக்கும் ஒரே கூரையும் கிடையாது, ஒரே மொதலாளியும் கிடையாது. ஒரு வேலையைக் கத்துக்கிட்டவன் நாலு வருஷத்தில் கொஞ்சம் பணம் புரட்டினா, தானே ஒரு செட் போட்டுத் தொழில் ஆரம்பிக்கலாம். சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவினது இப்படித்தான்.

இது ஜெயிச்சதுக்குக் காரணம் 'நாடார் உழைப்பு' மட்டும்தான்னு சொல்லிட்டு நிறுத்திக்கிறவங்க உண்டு. உழைப்பு நிஜம்தான். ஆனா கூடவே வரியும் இருக்கு. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பிற்காலத்தில் பெரிய மிஷின் தொழிற்சாலைக்கு ஒரு விகிதம், கையால் செய்யும் சிறு தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்று பிரிச்சாங்க. அந்த வித்தியாசத்தில்தான் சின்ன ஆள் மூச்சு விட்டான்.

இன்னொரு காரணமும் இருக்கு, அதை ஒளிக்க முடியாது. அந்தக் கைகளில் நிறைய சின்னக் கைகள். விடியுமுன்னே கிராமங்களுக்கு பஸ் அனுப்பிப் பிள்ளைகளை ஏத்திட்டு வந்த காலம் ஒண்ணு இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு சொன்னது, அந்த வழக்கே சிவகாசியை வச்சுத்தான். ஆக மலிவு என்பது எங்கிருந்தோ வருது. அதோட விலையை யாரோ கொடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. இந்த வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கம்ப்யூட்டருக்கு வரும்போது தேவைப்படும்.

ரெண்டாவது ரவுண்டு: லேபிள்

தீப்பெட்டின்னா லேபிள் வேணும். முதலில் அதை வெளியே அடிச்சு வாங்கினாங்க. கொஞ்ச நாளில் "நாமளே அடிச்சா என்ன?" என்ற கேள்வி வந்தது. லித்தோ அச்சகம் வந்தது. அப்புறம் பட்டாசு. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் வாங்கித்தான் தொழில் நடத்தணும்னு ஆனபோது, அதே குடும்பங்கள் அந்தப் பக்கமும் போனாங்க. பட்டாசுக்கும் லேபிள் வேணும், பெட்டி வேணும். அப்புறம் காலண்டர், டைரி, நோட்டு அட்டை. பிறகு ஆஃப்செட்.

ஆஃப்செட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. சிவகாசிக்கு வந்த மிஷின்களில் ஏராளமானவை செகண்ட் ஹேண்ட். ஐரோப்பாவில் ஓடி முடிச்ச மிஷினை இறக்குமதி செஞ்சு, இங்கே பிரிச்சு, தேய்ஞ்ச ரோலரையும் பல்சக்கரத்தையும் மாத்திப் பூட்டி, இன்னும் இருபது வருஷம் ஓட்டுவாங்க. புது மிஷின் வாங்கினா கம்பெனி ஆள் வந்து பார்ப்பான். பழைய மிஷினுக்கு அந்த ஆள் கிடையாது. அதனால் ஊரிலேயே ஒரு மெக்கானிக் கூட்டம் உருவாச்சு. லேத் பட்டறை, ரோலருக்கு ரப்பர் சுத்துறவங்க, மோட்டார் காயில் கட்டுறவங்க. மேனுவல் இல்லாத மிஷினைக் கழட்டிப் பார்த்து, மறுபடி மாட்டத் தெரிஞ்ச ஊர் இது.

1984-ல் இங்கே மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி வந்ததும் இதே கதையின் ஒரு கிளைதான். பேரில் இருக்கும் மெப்கோ என்பது திருமங்கலத்தில் அலுமினியப் பொடி தயாரிக்கும் கம்பெனி. மத்தாப்பு வெள்ளையா எரிய அந்தப் பொடிதான் வேணும். ஷ்லெங்க் என்பது அதோட கூட்டு சேர்ந்த ஜெர்மன் நிறுவனம். மத்தாப்புப் பொடி காசில் முளைச்ச கல்லூரியில் கம்ப்யூட்டர் படிச்சாங்க நம்ம பசங்க :-)

கம்பெனி கம்ப்யூட்டரே ஒரு அசெம்பிளிதான்

இப்போ கொஞ்சம் வெளியூர் போயிட்டு வருவோம். போகாம இருந்தா, சிவகாசியில் ஒரு பையனால் எப்படி கம்ப்யூட்டரை மாட்ட முடிஞ்சதுன்னு புரியாது.

1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதுவரை ஐ.பி.எம். எல்லாத்தையும் தானே செய்யும் கம்பெனி. ஆப்பிள் மாதிரி ஆட்கள் முந்திட்டாங்க, சீக்கிரம் சந்தைக்கு வரணும் என்ற அவசரம். அதனால் ப்ளோரிடாவில் ஒரு சின்னக் குழுவிடம் வேலையைக் கொடுத்தாங்க. அவங்க ஏறக்குறைய ஒரு வருஷத்தில் வெளியே கிடைச்ச பாகங்களை வச்சே முடிச்சாங்க. பிராசஸர் இன்டெல் 8088. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட். ஃப்ளாப்பி டிரைவ் டாண்டன் கம்பெனி, அதாவது அமெரிக்காவில் தொழில் நடத்தின ஒரு இந்தியர் கம்பெனி. எல்லாக் கம்பெனிக்கும் 'கம்பெனி'யான ஐ.பி.எம். விற்றதே ஒரு அசெம்பிள்டு பெட்டி!

அதுக்கு மேல, கார்டு போட ஸ்லாட் விட்டு, சர்க்யூட் வரைபடத்தோடு டெக்னிகல் புத்தகமும் போட்டு வித்தாங்க. அவங்களுக்கே சொந்தமா இருந்தது பயாஸ் என்கிற சின்ன நிரல் மட்டும்தான். அதையும் காப்பியடிக்காம, அது என்ன செய்யுதுன்னு மட்டும் பார்த்துப் புதுசா எழுதி, காம்பேக் 1982 நவம்பரில் தன் கம்ப்யூட்டரை அறிவிச்சது. 1984-ல் ஃபீனிக்ஸ் கம்பெனி அப்படி எழுதின பயாஸை யாருக்கு வேணும்னாலும் விற்க ஆரம்பிச்சது. அன்னைக்கு உடைஞ்சது மதகு. தைவானில் மதர்போர்டு செய்யும் கம்பெனிகள் பெருகின. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வகுத்தபோது, எந்த போர்டும் எந்தப் பெட்டியிலும் உட்காரும், எந்த பவர் சப்ளையும் எதற்கும் பொருந்தும் என்று ஆச்சு. மரம் ஒரு ஊர், மருந்து ஒரு ஊர், பெட்டி ஒரு ஊர் என்ற சிவகாசிக் கணக்குக்கு உலகமே வந்து சேர்ந்த மாதிரி.

இந்தியாவில் என்ன நடந்தது

1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்க ஒத்துக்கலை. அந்த இடைவெளியில் நம்ம ஊர்க் கம்பெனிகள் எழுந்தன. 1976-ல் எச்.சி.எல். ஆரம்பிச்ச சிவ் நாடார் திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழிக்காரர். இருந்தாலும் கம்ப்யூட்டர் என்பது அப்போ பேங்குக்கும் பெரிய ஆலைக்கும்தான். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. தைவானிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கிட் கிட்டாக் கொண்டுவந்து மாட்டி, மேலே தன் பேரை ஒட்டி விற்ற கம்பெனிகள் பல. 'ஸ்க்ரூடிரைவர் டெக்னாலஜி' என்று அப்போ பத்திரிகைகள் கிண்டலடிச்சாங்க.

கிண்டல் சரிதான். ஆனா அதுக்குள்ளே ஒரு சேதி இருந்தது. ஸ்க்ரூடிரைவர்தான் டெக்னாலஜின்னா, அது நம்மகிட்டயும் இருக்கே!

1991-க்குப் பிறகு இறக்குமதி வரி படிப்படியாக் குறைஞ்சது. 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2005-க்குள் பெரும்பாலான பாகங்களுக்குச் சுங்க வரி பூஜ்யம் ஆகணும் என்பது அதன் கணக்கு. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ரிச்சி தெருவில் விலை இறங்கியது.

நெல்லை எக்ஸ்பிரஸும் ரிச்சி தெருவும்

சென்னை மவுண்ட் ரோடு பக்கத்தில் இருக்கும் ரிச்சி தெரு ரேடியோ, டிரான்சிஸ்டர் பாகங்களுக்குப் பேர் போன இடம். தொண்ணூறுகளில் அதே கடைகள் மதர்போர்டும் ராமும் வைக்க ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர் ஆட்கள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிச்சு, காலையில் எழும்பூரில் இறங்கி, டீ குடிச்சிட்டு நடந்தே போயிடுவாங்க. சாயங்காலம் வரை பேரம். ராத்திரி அதே ரயில். பெர்த்துக்கு அடியில் கேபினட், தலைமாட்டில் பிராசஸர், மடியில் மானிட்டர். விருதுநகரில் இறங்கும்போது ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணு.

அந்தக் காலத்துப் பேர்களைச் சொன்னா உங்களில் பலருக்கு ஒரு ஏக்கம் வரும். மெர்க்குரி மதர்போர்டு. சாம்ட்ரான் மானிட்டர். தட்டினா தெருவுக்கே கேட்கும் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டு. 1998-ல் வந்த செலரான் 300ஏ பிராசஸரை 440பிஎக்ஸ் போர்டில் மாட்டி 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஓட்டிக் காட்டுவது அந்தக் காலத்து வீரப்பிரதாபம். உலகம் முழுக்க அதைச் செஞ்சாங்க, நம்ம பசங்களும் செஞ்சாங்க.

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தியாவில் விற்ற டெஸ்க்டாப்களில் ஏறக்குறைய பாதி பேரில்லாத அசெம்பிள்டு பெட்டிகள்தான். இன்டெல்லே அதைக் கண்டுக்காம இருக்க முடியலை. சின்ன ஊர்க் கடைக்காரங்களுக்குப் பயிற்சி கொடுத்து, 'ஜெனுவின் இன்டெல் டீலர்' என்று போர்டும் கொடுத்தது.

சிவகாசிக்கு ஏன் அசெம்பிளி பொருந்தியது

விலை மட்டும் காரணம்னா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா மத்த காரணங்கள்தான் சுவாரசியம்.

முதல் காரணம், வேலை. ஒரு காலண்டர் டிசைன் என்பது பெரிய சைஸில் சாமி படம், நாலு கலர். போட்டோஷாப்பில் திறந்தாலே மிஷின் முக்கும். கம்பெனி மாடலில் ராம் கொஞ்சமா வச்சு, கூடவே ஸ்பீக்கர், மோடம், விளையாட்டு சிடி எல்லாம் தருவாங்க. பிரஸ்காரருக்கு ஸ்பீக்கர் எதுக்கு? அவர் கேட்பது ராம், பெரிய ஹார்டு டிஸ்க், ஃபிலிம் போடும் இடத்துக்குக் கோப்பைத் தூக்கிட்டுப் போக ஒரு ஜிப் டிரைவ். அசெம்பிள் பண்றவன் வேண்டாததைக் கழிச்சு வேண்டியதைப் போட்டான். பட்டாசு ஆபீஸ்காரருக்கு நேரெதிர்க் கணக்கு. டேலி ஓடணும், டாட் மேட்ரிக்ஸில் பில் அடிக்கணும். அவருக்கு இருப்பதிலேயே சின்ன பிராசஸர் போதும். ஒரே கடை, ரெண்டு வேற மிஷின்.

தமிழும் ஒரு காரணம். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துக்கு ஒரே குறியீடு கிடையாது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ஃபான்ட், ஒரு விசைப்பலகை, சிலதுக்கு போர்ட்டில் செருகும் பூட்டு. சி-டாக்கின் ஜிஸ்ட் போல இந்திய மொழிகளைக் காட்டுவதற்கென்றே தனி கார்டு வந்த காலமும் உண்டு. இதையெல்லாம் சேர்த்து ஓடவைக்கும் ஆள் கம்பெனி கால் சென்டரில் கிடையாது. ஊர்க்காரன்தான் செய்யணும்.

அடுத்தது கரண்ட்டும் மண்ணும். இது பெருசு. சிவகாசிக்குப் பட்டாசு வந்ததே மழை குறைவு, காத்து வறட்சி என்பதால்தான். அதே வறட்சி எர்த்திங்குக்கு எதிரி. காய்ஞ்ச மண்ணு மின்சாரத்தை லேசில் உள்ளே வாங்காது. குழி தோண்டி உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். ஊத்தலைன்னா கேபினட்டைத் தொட்டா சுரீர்னு இழுக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கி எஸ்.எம்.பி.எஸ். போகும். அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். தெரியாம 115-ல் வச்சுட்டு பிளக்கைப் போட்டா டமார்! பட்டாசு ஊரில் லைசென்ஸ் இல்லாத வெடி :-) எனக்குத் தெரிஞ்ச ஒரு அசெம்பிளர் புது மிஷின் வைக்கப் போனா, பெட்டியைப் பிரிக்குமுன்னே டெஸ்டர் பல்பை எடுத்துக்கிட்டு எர்த் பார்க்கத்தான் போவார். எர்த் சரியில்லைன்னா மிஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவார். எந்த வாரண்டி அட்டையிலும் இந்த சர்வீஸ் எழுதியிருக்காது.

நேரமும் கணக்கில் வரும். தீபாவளிக்கு முந்தின மூணு மாசம் ஒரு பட்டாசு ஆபீஸ்ல பில்லிங் மிஷின் நின்னா லாரி நிக்கும். எங்க சொந்தத்தில் ஒருத்தர் பெரிய கம்பெனி டெஸ்க்டாப் வாங்கியிருந்தார். பேர் வேண்டாம். செப்டம்பரில் பவர் சப்ளை போச்சு. போன் பண்ணினா கம்ப்ளெய்ண்ட் நம்பர் கொடுத்தாங்க, ஆள் மதுரையிலிருந்து வரணும்னாங்க. மூணு நாள். அவசரத்துக்கு உள்ளூர்ப் பையன் ஒரு சாதா எஸ்.எம்.பி.எஸ். கொண்டுவந்தான். பார்க்க அதே பிளக், ஆனா வயர் வரிசை வேற. மாட்டினா போர்டே போயிடும்னு கழட்டி வச்சுட்டான். ஏடிஎக்ஸ் மாதிரியே தெரிஞ்சு ஏடிஎக்ஸ் இல்லாத பவர் சப்ளையை அப்போ சில கம்பெனிகள் வச்சது உலகறிஞ்ச விஷயம். வாங்கினவன் திரும்ப நம்மகிட்டயே வரணும் என்பதைத் தவிர அதுக்கு வேற காரணம் எனக்குத் தெரியலை.

1999-லிருந்து சில வருஷம் உலகம் முழுக்க மதர்போர்டு கெபாசிட்டர்கள் உப்பி வெடிச்ச கதை ஞாபகம் இருக்கா? பெரிய பிராண்டும் தப்பலை, சின்ன போர்டும் தப்பலை. கம்பெனியில் கேட்டா போர்டை மாத்தணும் என்பாங்க. வாரண்டி முடிஞ்சிருந்தா பல ஆயிரம். நம்ம ஊர்ல ஒருகாலத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஆள் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி, அஞ்சாறு கெபாசிட்டரை மாத்தி, நூறு இருநூறு வாங்கிட்டுப் போயிடுவார். ரோலருக்கு ரப்பர் சுத்தின அதே ஊர் மூளை.

எழுதாத விலை

இதுவரை படிச்சா நான் அசெம்பிளி கட்சின்னு முடிவு பண்ணியிருப்பீங்க. இருங்க.

2000 வாக்கில் அசெம்பிள்டு மிஷின் இருபத்தஞ்சு முப்பதாயிரம்னா, ஏறக்குறைய அதே மாதிரி கம்பெனி மிஷின் நாற்பதாயிரத்தைத் தொடும். இந்த வித்தியாசம் முழுக்க பேருக்குக் கொடுத்த தண்டமா? இல்லை. அதில் ஒரு துண்டு, போடாத பில். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்தான் பல வீட்டில் பில். விற்பனை வரியும் இல்லை, கலாலும் இல்லை. இன்னொரு துண்டு, காசு கொடுக்காத விண்டோஸ், காசு கொடுக்காத கோரல்டிரா. மிஷினை விட அதில் ஓடும் மென்பொருளின் நிஜ விலை அதிகம் என்ற நிலைமை டிசைன் ரூம்களில் சாதாரணம். மூணாவது துண்டு, கடையில் 'தொழில் கத்துக்க' வந்து, டீக்காசுக்கு ரெண்டு வருஷம் ஸ்க்ரூ முடுக்கின பையன்.

தீப்பெட்டிக் கட்டை அடுக்கின பிள்ளையோடு இதை ஒப்பிட முடியாது. அது வேற அளவு வலி. ஆனா கணக்கின் வடிவம் ஒண்ணுதான். மலிவு என்று நாம கொண்டாடினதில் ஒரு பகுதி திறமை, ஒரு பகுதி வேற யாரோ கொடுத்த விலை. ரெண்டையும் பிரிக்காம 'நம்ம ஊர் கெத்து'ன்னு பேசினா அது வரலாறு இல்லை, விளம்பரம்.

கம்பெனி திரும்பி வந்தது

வரி குறையக் குறைய, பில் போடாததில் இருந்த லாபமும் குறைஞ்சது. 2004 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் கம்ப்யூட்டருக்குக் கலால் வரியையே எடுத்தார். 2005-ல் எச்.சி.எல். பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் ஒரு மிஷினை அறிவிச்சது. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வந்தது. பில் இருந்தாத்தான் வாங்கின வரியைக் கழிச்சுக்கலாம் என்றதும் கடை வச்சிருக்கறவங்களே பில் கேட்க ஆரம்பிச்சாங்க. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் வந்தது. வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்கும் முக்கியக் காரணமே பிள்ளைகள் படிப்புதான். அது போச்சு. அப்புறம் செல்போன். 2017-ல் ஜிஎஸ்டி.

தீப்பெட்டியிலும் இதே முடிவுதான் என்பது எனக்கு ஆச்சரியம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மிஷின் தீப்பெட்டிக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் ரெண்டையும் 12 சதவீதம் ஆக்கினாங்க. கைக்கும் மிஷினுக்கும் வரி வித்தியாசம் போச்சு. அதுக்கு முன்னாடியே 2005-ல் விம்கோ ஐ.டி.சி. கைக்குப் போயிருந்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக்காரங்களே பெரிய மிஷின் போட ஆரம்பிச்சிருந்தாங்க. யார் ஜெயிச்சது? அசெம்பிளி ஜெயிச்சுக் கம்பெனி ஆச்சு, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கடைகளிலும் தப்பிச்சவங்க அப்படித்தான். சிலர் பிராண்டு டீலர் ஆனாங்க. சிலர் சிசிடிவி பக்கம் போனாங்க. அசெம்பிளி இப்போ கேமிங் பசங்களுக்கும் டிசைன், வீடியோ எடிட்டிங் ஆட்களுக்குமான சமாச்சாரம். முன்னே மலிவுக்கு அசெம்பிள் பண்ணினோம், இப்போ காஸ்ட்லிக்கு அசெம்பிள் பண்றோம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறின ஏற்றத்தில் அதுவும் திணறுது.

அப்போ எதை வாங்கறது?

இவ்வளவு படிச்சதுக்கு ஒரு பதில் சொல்லணும் இல்லையா. பில்லிங் மட்டும்னா சின்னக் கம்பெனிப் பெட்டி போதும். படம், வீடியோ வேலைன்னா அசெம்பிள் பண்ணுங்க, ஒவ்வொரு பாகத்துக்கும் பில்லும் வாரண்டியும் தனித்தனியா வாங்குங்க. விண்டோஸுக்குக் காசு கொடுங்க, இல்லைன்னா லினக்ஸ் போடுங்க. எர்த் பாருங்க.

ஆனா என் கவலை அது இல்லை. மூணு ரவுண்டிலும் நம்ம ஊருக்கு மிஞ்சின உண்மையான சொத்து மலிவுப் பொருள் இல்லை. திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஆட்கள். தீப்பெட்டி, அச்சுக்குப் போய், அச்சு, மெக்கானிக்கை உருவாக்கி, மெக்கானிக் கம்ப்யூட்டரைக் கழட்டினான். ஒவ்வொரு படியிலும் பொருள் திறக்கக்கூடியதா இருந்தது. இப்போ லேப்டாப்பில் ராமைச் சேர்த்தே பற்ற வச்சுடறாங்க. செல்போன் பசை போட்டு ஒட்டியே வருது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தினாங்க. நல்லா ஓடிக்கிட்டிருக்கும் பழைய மிஷின்கள் பல விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லைன்னு ஒரு அறிவிப்பில் கழிவாயிடுச்சு. ஸ்க்ரூடிரைவரால் இதை ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால் "கம்பெனியா, அசெம்பிளியா?" என்பதை விட்டுட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. இது கெட்டுப்போனா நம்ம ஊர்ல யாராவது திறந்து பார்க்க முடியுமா? இந்த விலையில் நான் கொடுக்காத பங்கை யார் கொடுக்கிறாங்க? ரெண்டுக்கும் ஒழுங்கான பதில் இருந்தா, பெட்டி மேலே எந்தப் பேர் இருந்தாலும் சரி, பேரே இல்லாட்டியும் சரி, வாங்கலாம்.

உங்க ஊர்ல முதல் அசெம்பிளிக் கடை எது, அதை நடத்தினவர் அதுக்கு முன்னாடி என்ன தொழில் பார்த்தார், இப்போ என்ன பண்றார்னு தெரிஞ்சவங்க எழுதி வைங்க மக்களே. தீப்பெட்டி மொதலாளிகளைப் பற்றி யாராவது புத்தகம் போடுவாங்க. நெல்லை எக்ஸ்பிரஸில் மானிட்டரை மடியில் வச்சுட்டு வந்தவங்களைப் பற்றி நாமதான் எழுதணும்.